பிளெண்டரில் வரைந்த பாதையில் காரை ஓட்டுவது எப்படி

வளைந்து வளைந்து போகும் ஒரு சாலை, அதில் ஒரு கார் போக வேண்டும். பிளெண்டர் என்ற 3டி அனிமேஷன் மென்பொருளில் இதற்காகக் காரைப் பிடித்து நகர்த்தி நகர்த்தி கீஃப்ரேம் (எந்த ஃப்ரேமில் என்ன மதிப்பு என்ற குறிப்பு) போட வேண்டியதில்லை. ஒரு கோடு வரைந்து அதன்மேல் காரை மாட்டிவிட்டால் போதும். ஆனால் இதைச் சொல்லித்தரும் நிறைய வீடியோக்கள் ‘அனிமேட் பாத்’ பட்டனை அழுத்தச் சொல்லிவிட்டு முடித்துக்கொள்கின்றன. அந்தப் பட்டனைத் தொடாதீர்கள் என்பதுதான் என் கட்சி.

முதலில் பாதை. ஷிஃப்ட் + ஏ அழுத்தி, கர்வ் மெனுவில் பெசியே என்ற வளைகோட்டை எடுங்கள். டேப் தட்டி எடிட் மோடுக்குள் போய், நம்பேட் 7 அழுத்தி மேலிருந்து பார்த்தபடி, கடைசிப் புள்ளியை ஈ அழுத்தி நீட்டிக்கொண்டே போகலாம். டேப்லெட் பேனா இருந்தால் டிரா டூலில் நேரடியாகவே வரையலாம்தான், ஆனால் புள்ளிகள் ஏகத்துக்கும் விழும், கையின் நடுக்கம் அத்தனையும் வண்டியின் ஆட்டமாகத் தெரியும். ஒரு வளைவுக்கு மூன்று புள்ளி தாராளம்.

அப்புறம் கார். அதைத் தேர்ந்தெடுத்து ஆல்ட் + ஜி, ஆல்ட் + ஆர் இரண்டையும் அழுத்தி இடத்தையும் திருப்பத்தையும் பூஜ்யமாக்குங்கள். இதை விட்டால் கார் பாதையில் ஏறாமல் பக்கத்தில் எங்கோ தள்ளி ஓடும், ஏனென்றால் காரின் பழைய லொகேஷனும் பாதையின் இடத்தோடு கூட்டப்படுகிறது. காரின் ஆரிஜின் (அதன் இடம் கணக்கிடப்படும் புள்ளி) தரை மட்டத்தில் இருக்கட்டும், இல்லையென்றால் பாதி வண்டி ரோட்டுக்குள் புதைந்துவிடும். இப்போது கன்ஸ்ட்ரெயின்ட் (ஒரு பொருளின் அசைவை இன்னொன்றோடு கட்டிப்போடும் அமைப்பு) டேபில் ஃபாலோ பாத் சேர்த்து, டார்கெட்டில் நீங்கள் வரைந்த கர்வைக் கொடுங்கள். ஃபாலோ கர்வ் டிக் செய்தால்தான் கார் வளைவில் திரும்பும். முன்பக்கம் எது என்பதை ஃபார்வர்ட் ஆக்சிஸில் சொல்ல வேண்டும். நம்பேட் 1 காட்சியில் காரின் முகம் உங்களைப் பார்க்கிறது என்றால் அது மைனஸ் ஒய். மேடு பள்ளமான பாதையில் வண்டி திடீரென்று குப்புறக் கவிழ்ந்தால், கர்வின் ட்விஸ்ட் மெத்தடை இசட்-அப் ஆக்குங்கள்.

சரி, ஏன் அனிமேட் பாத் வேண்டாம்? அது கர்வின் ‘இவாலுவேஷன் டைம்’ என்ற எண்ணை ஓடவிடுகிறது. அந்த எண் கர்வுக்குச் சொந்தம், காருக்கு இல்லை. அதே ரோட்டில் இரண்டாவதாக ஒரு லாரியை விட்டால் அதுவும் காரின் வேகத்திலேயே போகும், முந்தவே முடியாது. வேகமும் தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே சீராக இருக்கும், கொண்டை ஊசி வளைவில்கூட. அதற்குப் பதிலாக ஃபிக்ஸ்டு பொசிஷனை டிக் செய்யுங்கள். ஆஃப்செட் ஃபேக்டர் என்று 0 முதல் 1 வரை ஒரு எண் கிடைக்கும், 0 என்றால் பாதையின் ஆரம்பம், 1 என்றால் முடிவு. இந்த எண் காருக்கே சொந்தம்.

பாதை 70 மீட்டர் நீளம், நடுவில் ஒரு வளைவு, நொடிக்கு 24 ஃப்ரேம் என்று வைத்துக்கொள்வோம். அந்த எண்ணின்மேல் மவுஸை வைத்து ஐ அழுத்தினால் கீஃப்ரேம் விழும். 1-ஆம் ஃப்ரேமில் 0, 60-இல் 0.45, 100-இல் 0.55, 150-இல் 1. கணக்குப் போட்டால் வளைவு வரை சராசரியாக மணிக்கு 46 கிலோமீட்டர், வளைவுக்குள் 15. நிஜ டிரைவர் பிரேக் போடுவதும் ஏறக்குறைய இப்படித்தான். அப்புறம் கிராஃப் எடிட்டரைத் திறந்து கோட்டைப் பாருங்கள்: செங்குத்தாக ஏறும் இடத்தில் வேகம், படுத்திருக்கும் இடத்தில் மெதுவு. கார் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பது போல் ஷாட் தொடங்க வேண்டுமென்றால், முதல் கீஃப்ரேமின் வலப்பக்கக் கைப்பிடியைக் கொஞ்சம் மேலே தூக்கிவிடுங்கள், நின்று கிளம்புகிற மாதிரி தெரியாது.

சக்கரம் சுழலாவிட்டால் இவ்வளவு உழைப்பும் வீண். சக்கரங்கள் காரோடு சேர்ந்தே நகரும்படி அவற்றைக் காருக்குப் பேரன்ட் செய்துவிட்டு, ஆஃப்செட் ஃபேக்டரில் ரைட் கிளிக் செய்து ‘காப்பி ஆஸ் நியூ டிரைவர்’ (டிரைவர் என்பது இங்கே ஒரு எண்ணை வைத்து இன்னொரு எண்ணை ஓட்டும் இணைப்பு) எடுத்து, சக்கரத்தின் எக்ஸ் ரொட்டேஷனில் பேஸ்ட் டிரைவர் கொடுங்கள். பிறகு டிரைவர் எடிட்டரில், பாதை நீளத்தைச் சக்கர ஆரத்தால் வகுத்து வரும் எண்ணால் அதைப் பெருக்குங்கள். ஆரம் 0.35 மீட்டர் என்றால் 70 / 0.35 = 200. வளைவில் வேகம் குறையும்போது சக்கரமும் தானாகவே மெதுவாகும். பின்னோக்கிச் சுழன்றால் மைனஸ் 200 போடுங்கள்.

பஸ் போன்ற நீளமான வண்டிக்கு மட்டும் இந்த முறை பத்தாது, ஒரே புள்ளியில் மாட்டியிருப்பதால் வளைவில் வால் ரோட்டை விட்டு வெளியே நீட்டும். அதற்கு இரண்டு எம்ப்டிகளை (ரெண்டரில் தெரியாத வெறும் குறிப்புப் பொருள்கள்) ஃபாலோ பாத்தில் விடுங்கள், அதே 70 மீட்டர் பாதையில் அச்சுகளுக்கு இடையே 5 மீட்டர் என்றால் பின்னால் வருவதன் ஆஃப்செட் ஃபேக்டர் 0.07 குறைவாக இருக்கட்டும். பஸ்ஸின் ஆரிஜினைப் பின் அச்சுக்குக் கொண்டுபோய், பஸ்ஸுக்கு இரண்டு கன்ஸ்ட்ரெயின்ட் கொடுங்கள்: பின் எம்ப்டியை டார்கெட்டாக வைத்து காப்பி லொகேஷன், முன் எம்ப்டியை டார்கெட்டாக வைத்து டேம்ப்டு டிராக். பஸ்ஸுக்கு நேரடியாக ஃபாலோ பாத் போட்டிருந்தால் அதை எடுத்துவிடுங்கள்.