மான்ஸ்டர் ஏன் கையை நீட்டிக்கொண்டு நடக்கிறான்? திரைக்கதையையும் படத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி

என் மாமா மதுரை புதுமண்டபத்தில் தையல் மெஷின் போட்டிருந்தவர், கடைகளெல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போவதற்கு முன்பு. பிரித்துத் தைத்த சட்டை என்றால் கையில் வாங்கியதுமே கண்டுபிடித்துவிடுவார். துணியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடிப்பார், பழைய ஊசித்துளைகள் வரிசையாகத் தெரியும். "நூலை உருவிரலாம் மாப்ளே, ஓட்டை அங்கனயேதான் இருக்கும்" என்பார். பழைய கோதிக் படங்களை, அதாவது இருட்டுக் கோட்டையும் பேய் பிசாசுமாக வரும் திகில் படங்களை, நான் பார்க்கும் முறை அவரிடமிருந்து வந்ததுதான்.

திருநகரில் நண்பர் வீட்டு மொட்டை மாடியில் வேட்டியைக் கட்டி, புரொஜெக்டர் வைத்து மாதம் ஒரு படம் போடுகிறோம். ஒரு தடவை 1943-இல் வந்த 'பிராங்கன்ஸ்டைன் மீட்ஸ் த உல்ஃப் மேன்' ஓடிக்கொண்டிருந்தது. பிராங்கன்ஸ்டைன் என்ற விஞ்ஞானி பிணங்களை ஒட்டித் தைத்து உயிர் கொடுத்த உருவம்தான் அதில் வரும் மான்ஸ்டர். காலேஜ் படிக்கும் தம்பி ஒருவன் கேட்டான்: "அண்ணே, இந்தாளு ஏன் கையை முன்னாடி நீட்டிக்கிட்டே நடக்குறான்? தடவித் தடவிப் போற மாதிரி இருக்கே." கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "வாய் அசையுது, சத்தத்தைக் காணோமே." படத்தை நிறுத்திவிட்டு அவனைப் பாராட்டினேன், ஏனென்றால் அவன் பிடித்த இரண்டுமே அசல் ஊசித்துளைகள்.

விஷயம் இதுதான். இதற்கு முந்தைய படம் 1942-இல் வந்தது. அதன் முடிவில் மான்ஸ்டரின் தலைக்குள் இகோர் என்பவனின் மூளையை வைப்பார்கள். ரத்த வகை சேராததால் அவனுக்குக் கண் போய்விடும், ஆனால் இகோரின் குரலில் பேசுவான். அடுத்த படத்துக்குத் திரைக்கதை எழுதிய கர்ட் சியோட்மாக் இதை அப்படியே தொடர்ந்தார். மான்ஸ்டர் பேசுகிறான், தனக்குக் கண் தெரியாது என்று தானே சொல்கிறான். இகோராக நடித்த பெலா லுகோசியையே இந்த முறை மான்ஸ்டராகப் போட்டார்கள், அந்த வசனங்களைப் படமும் பிடித்தார்கள். போட்டுப் பார்த்தபோது லுகோசியின் உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்துவிட்டார்கள் என்று சியோட்மாக் பிற்காலத்தில் சொன்னார். காரணம் எதுவானாலும் வசனம் மொத்தமும் வெளியே போனது, அதோடு சேர்ந்து அவன் குருடன் என்ற தகவலும் போனது. நடிகரின் உடம்பு மட்டும் குருடனாகவே படத்தில் மிஞ்சியது. கடைசியில் லேபில் மின்சாரம் ஏறியதும் அவன் முகத்தில் ஒரு கள்ளச் சிரிப்பு வரும், கவனியுங்கள், பார்வை திரும்பிவிட்டது என்பதற்கான சிரிப்பு அது, ஆனால் பார்வை போனதையே சொல்லாத படத்தில் அந்தச் சிரிப்புக்கு வேலையே இல்லை. இன்றைக்கும் மான்ஸ்டர் வேஷம் போடுகிற குழந்தைகள் கையை நீட்டிக்கொண்டு நடக்கிறார்கள். ஒரு வெட்டு அவ்வளவு தூரம் வந்திருக்கிறது.

சரி, நீங்களே இதைச் செய்வது எப்படி?

முதலில் படத்தைப் பாருங்கள், திரைக்கதையைத் தொடாதீர்கள். இந்த வரிசையை மாற்றினால், படித்த காட்சிகளை மனம் தானாகவே படத்துக்குள் நிரப்பிவிடும், துளையே கண்ணில் படாது. நோட்டில் நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள்: காரணம் சொல்லாமல் ஒருவர் செய்யும் காரியம், திடீரென்று காணாமல் போகும் பாத்திரம், சத்தமில்லாமல் அசையும் வாய், நடுவில் அறுந்த இசை, ஒரு ஷாட்டில் ஓர் இடத்தில் நின்றவர் அடுத்த ஷாட்டில் வேறு இடத்தில் இருப்பது. விளக்கம் எதுவும் எழுத வேண்டாம், கேள்வி மட்டும். முடிந்தால் இரண்டாம் தடவை சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள், வசனம் இல்லாதபோது உடம்பு என்ன செய்கிறது என்பது பளிச்சென்று தெரியும்.

அப்புறம் திரைக்கதை. இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். திரைக்கதை என்ற பெயரில் இணையத்தில் கிடைப்பவற்றில் பல, முடிந்த படத்தைப் பார்த்து யாரோ உட்கார்ந்து தட்டச்சு செய்தவை. அதைப் படத்தோடு ஒப்பிட்டால் ஒரு வித்தியாசமும் வராது, "அடடா, எழுதினதை அப்படியே எடுத்திருக்காங்களே" என்று நினைத்துவிடுவோம். நமக்கு வேண்டியது படப்பிடிப்புக்கு முன்னால் எழுதியது. முகப்பில் தேதி இருக்கிறதா பாருங்கள். ஷாட்டுகளுக்கு எண் போட்டிருக்கிறதா, எண் இருந்தும் அந்த இடத்தில் 'நீக்கப்பட்டது' என்று மட்டும் போட்டிருக்கிறதா என்று பாருங்கள், அதுவே முதல் ஊசித்துளை. இந்த மான்ஸ்டர் படங்களை எடுத்த யுனிவர்சல் ஸ்டுடியோவின் பல பழைய படங்களுக்கு இப்படிப்பட்ட படப்பிடிப்புத் திரைக்கதைகள் புத்தகமாகவே வந்திருக்கின்றன.

இப்போது நோட்டை எடுத்து ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் ஒன்று எழுதுங்கள்: இது எந்தக் கட்டத்தில் மாறியது? எழுதும்போதா, எடுக்கும்போதா, போட்டுப் பார்த்த பிறகா, தணிக்கையிலா, மறுவெளியீட்டிலா? என் அனுபவத்தில் மொத்த வேலையின் உயிர் இந்தக் கேள்விதான். "இந்தக் காட்சி இல்லை" என்று பட்டியல் போடுவது சுலபம், அது எப்போது, யார் கையால் போனது என்று தெரிந்தால்தான் படம் புரிய ஆரம்பிக்கும்.

எழுதும்போதே மாறியதற்கு 1941-இன் 'த உல்ஃப் மேன்' நல்ல உதாரணம். அதையும் எழுதியவர் சியோட்மாக்தான். ஆரம்பத்தில் அவர் யோசித்தது, அந்த மனிதன் உண்மையிலேயே ஓநாய் ஆகிறானா, அவன் மனசுதான் அப்படி நினைக்கிறதா என்று ஐயம் தீராத ஒரு கதை. ஸ்டுடியோவுக்கு ஓநாய் கண் முன்னால் வர வேண்டும். வந்தது. ஆனாலும் படத்தில் பலர் அவனுக்கு மனநிலை சரியில்லை என்றே பேசிக்கொண்டிருப்பதைக் கேளுங்கள், பழைய கதையின் துளை அதில் தெரியும்.

போட்டுப் பார்த்த பிறகு மாறியதற்கு 1935-இன் 'பிரைட் ஆஃப் பிராங்கன்ஸ்டைன்'. லேப் இருக்கும் கோபுரம் வெடிக்கும்போது, மான்ஸ்டரை உருவாக்கிய விஞ்ஞானி ஹென்றியும் உள்ளேயே செத்துப்போவதாகத்தான் இயக்குநர் ஜேம்ஸ் வேல் எடுத்தார். பிறகு மனம் மாறி, ஹென்றியும் மனைவி எலிசபெத்தும் தப்பித்து ஓடுவதாக எடுத்து ஒட்டினார்கள். ஆனால் வெடிப்பை மறுபடி எடுக்கவில்லை. லேப் இடிந்து விழும் அந்தத் தூரத்து ஷாட்டில் நிறுத்திப் பாருங்கள், ஹென்றி உள்ளேதான் நிற்கிறார். வெளியே மனைவியோடு நிற்பவரும் அவரேதான். முதல் முறை கவனித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது, சாக வேண்டியவன் சாகாமல் போன இடம் அப்படியே பிலிமில் பதிந்திருக்கிறது.

தணிக்கையின் கதை வேறு. 1931-இன் 'பிராங்கன்ஸ்டைன்' படத்தில் ஏரிக்கரையில் மரியா என்ற சிறுமியும் மான்ஸ்டரும் பூக்களைத் தண்ணீரில் போட்டு விளையாடுவார்கள், பூ மிதக்கும். பூ தீர்ந்ததும் அவளும் மிதப்பாள் என்று நினைத்துத் தூக்கிப் போடுகிறான். அறியாமையால் வந்த சாவு அது. தூக்கிப் போடுவதைக் காட்டக் கூடாது என்று வெட்டினார்கள், பல பத்தாண்டுகள் மக்கள் பார்த்தது வெட்டிய பிரதியைத்தான். அதில் அவன் அவளை நோக்கிக் கை நீட்டுவான், பிறகு தகப்பன் பிணத்தைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் வருவார். இடையில் என்ன நடந்தது என்று பார்ப்பவர்தான் கற்பனை செய்துகொள்ள வேண்டும், அந்தக் கற்பனை நிஜக் காட்சியைவிட எவ்வளவோ கொடூரமானது. குழந்தை மாதிரி ஒருவனை அந்த ஒரு வெட்டு குரூரன் ஆக்கிவிட்டது. 1980-களில்தான் காட்சி திரும்பச் சேர்ந்தது. எந்தப் பிரதியைப் பார்க்கிறீர்கள் என்பதை நோட்டின் முதல் வரியிலேயே எழுதச் சொல்வது இதற்காகத்தான்.

நம் படங்களுக்கும் இதே வழக்கம் உதவும். ஆரம்பத்தில் காட்டும் தணிக்கைச் சான்றிதழில் படத்தின் நீளம் இருக்கும், தியேட்டரில் அதைக் குறித்துக்கொண்டு பிறகு ஓடிடியில் ஓடும் நேரத்தோடு ஒப்பிடுங்கள்.

எடுப்பவர் கையிலேயே எழுத்து மாறுவதும் உண்டு. 1922-இன் 'நோஸ்ஃபெராட்டு'வுக்குத் திரைக்கதை எழுதியவர் ஹென்ரிக் காலீன். இயக்குநர் முர்னாவ் குறிப்பு எழுதி வைத்திருந்த பிரதி இன்னும் இருக்கிறது, அதில் 12 பக்கங்கள் முர்னாவ் தானே எழுதியவை. அதுவும் எது? முதல் சூரிய வெளிச்சத்தில் ரத்தக்காட்டேரி அழியும் கடைசிக் கட்டம். இந்தப் படத்தின் மூல நாவலான 'டிராகுலா'வில் அந்த ரத்தக்காட்டேரி பகலிலும் நடமாடுவான், சூரிய ஒளி பட்டுச் சாகும் வழக்கம் இந்தப் படத்திலிருந்து பரவியது.

திரைக்கதையே கையில் கிடைக்காவிட்டால் 1931-இன் இரண்டு 'டிராகுலா'க்களை எடுத்துக்கொள்ளுங்கள். பகலில் ஆங்கிலப் படக்குழு வேலை செய்த அதே செட்டுகளில் இரவில் வேறு நடிகர்களை வைத்து ஸ்பானிஷ் மொழியில் எடுத்தார்கள். கதை ஒன்றே, ஆனால் ஆங்கிலம் ஏறக்குறைய 75 நிமிடம், ஸ்பானிஷ் 104. அந்த அரை மணி நேரம் எங்கிருந்து வந்தது என்று தேடுவதே ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குப் போதுமான வேலை. இரண்டையும் முழுசாகப் போட வேண்டாம். கோட்டைக்குள் விருந்தாளி நுழைவது முதல் கப்பல் பயணம் வரைக்கும் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டுங்கள், படியில் டிராகுலா இறங்கி வரும் இடத்தில் இரண்டிலும் நிறுத்தி, கேமரா எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொண்டு மேலே போங்கள்.