'மேலே போய்ப் பார்த்துக்கலாம்': நெடுந்தூர நடையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல நாள் நடைக்குப் புதிதாக வருகிறவர்களோடு போகும்போதெல்லாம், நான் ஆரம்பத்தில் செய்த அதே தவறுகள் வரிசை மாறாமல் திரும்ப நடப்பதைப் பார்க்கிறேன். புது ஷூவோடு வராதீர்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், விட்டுவிடலாம். மழை, நீண்ட ஏற்றம், சரியாகத் தூங்காத முந்தின இரவு என்று ஏற்கெனவே கஷ்டமான ஒரு நாளை நாமாகவே எப்படி இன்னும் கெடுத்துக்கொள்கிறோம் என்பதுதான் இங்கே பேச்சு.

குதிகால் காந்தும்போது நிற்காமல் போவது

இதைத்தான் என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை.

கொப்புளம் திடீரென்று வருவதில்லை. முதலில் ஓர் இடம் லேசாகக் காந்தும். ஒவ்வோர் அடியிலும் உள்ளே எலும்பு நகர்கிறது, தோலோ சாக்ஸோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. நடுவில் மாட்டிக்கொண்ட மேல்தோலின் அடுக்குகள் இழுபட்டுப் பிரிகின்றன. பிரிந்த இடத்தில் நீர் கோத்துக்கொண்டால் கொப்புளம். தோல் ஈரமாக இருந்தால் உராய்வு கூடும், அதனால் மழை நாளில் எல்லாமே சீக்கிரம் நடந்துவிடும். காந்த ஆரம்பிப்பதற்கும் நீர் கோப்பதற்கும் நடுவில் கொஞ்ச நேரம் கிடைக்கும். அதற்குள் நின்றுவிட்டால் ஐந்து நிமிட வேலை.

ஒருமுறை மழையில் பெரிய ஏற்றம் ஒன்று. கூட வந்த பையன் காலையிலேயே வலது காலைச் சாய்த்துச் சாய்த்து வைக்க ஆரம்பித்துவிட்டான். என்னப்பா என்றேன். "லேசாத்தான் எரியுதுக்கா, மேல போய்ப் பாத்துக்கலாம்" என்றான். மேலே போனால் காற்றும் குளிரும். அங்கே யாருக்கு ஷூவைக் கழற்ற மனசு வரும்? "கீழ இறங்கினதும்" என்றான். மதியம் சாக்ஸை உருவியபோது குதிகால் தோல் சுருண்டு அதோடு வந்துவிட்டது, அடியில் பச்சைப் புண். வலிக்குப் பயந்து விரல் பக்கமாகவே ஊன்றி இறங்கியதில் சாயங்காலத்துக்குள் முட்டியும் போச்சு. மறுநாள் அவன் பையை மற்றவர்கள் பங்குபோட்டுத் தூக்கிக்கொண்டு, அவனைப் பக்கத்துச் சாலை வரை கொண்டுபோய் விட்டோம்.

பாதிப் பேர் நிற்காததற்குக் காரணம் கூச்சம். தன்னால் எல்லாருக்கும் தாமதமாகிறது என்று ஆகிவிடுமோ என்று வாயைத் திறப்பதில்லை. நொண்டிக்கொண்டு வருகிறவருக்காக அதே கூட்டம் சாயங்காலம் மணிக்கணக்கில் காத்திருக்கப்போகிறது என்று எத்தனை முறை சொன்னாலும் ஏறுவதில்லை.

காந்தியதும் நில்லுங்கள். ஷூ, சாக்ஸ் இரண்டையும் கழற்றி, உள்ளே மண்ணோ மடிப்போ இருக்கிறதா பாருங்கள். காலைத் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள், ஈரத்தில் டேப் நிற்காது. டேப்பின் மூலைகளை வட்டமாக வெட்டிச் சுருக்கம் விழாமல் ஒட்டுங்கள், கூர்மூலைதான் முதலில் உரியும். மருந்துக்கடையில் கிடைக்கிற சாதாரண பேப்பர் டேப் போதும். ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், பல நாள் அல்ட்ரா மாரத்தான் ஓடியவர்களுக்கு முன்கூட்டியே இதை ஒட்டிவிட்டதில் கொப்புளம் 40 சதவீதம் குறைந்திருக்கிறது. அப்புறம், டேப்பைக் கை எட்டும் பாக்கெட்டில் வையுங்கள். பையைப் பிரிக்க வேண்டும் என்றால் நீங்கள் நிற்கமாட்டீர்கள்.

தூரத்தை மட்டும் வைத்து நேரம் போடுவது

1892-ல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் சொன்ன கணக்கு இன்றைக்கும் உதவும். 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஏறுகிற ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடவே இன்னொரு மணி நேரம். 20 கிலோமீட்டரில் 1,200 மீட்டர் ஏற்றம் இருந்தால் 6 மணி நேரம் ஆகும். ஓய்வு, சேறு, முதுகில் இருக்கிற பல நாள் மூட்டை எல்லாம் இதில் சேராது. 4 மணி நேரத்தில் முடியும் என்று கிளம்புகிறவர் மதியத்துக்கு மேல் விட்டதைப் பிடிக்க ஓடுவார், சாப்பாட்டைத் தள்ளிப்போடுவார், காந்துகிற காலையும் தள்ளிப்போடுவார்.

நனைந்த பிறகு ரெயின்கோட் எடுப்பது

தூறல் விழும்போதே எடுங்கள். ஏறும்போது வியர்த்து நனைவதும் நனைவதுதான். ஏற்றம் தொடங்கும் முன் உள்ளே ஒரு உடுப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள், நின்றால் மறுபடி போட்டுக்கொள்ளலாம்.

ஹெட் டார்ச்சைப் பையின் அடியில் வைப்பது

வேண்டாம்.

இறக்கம்தானே என்று நினைப்பது

மூச்சு வாங்காது, அவ்வளவுதான். ஒவ்வோர் அடியிலும் தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பைத் தடுத்து நிறுத்த வேண்டியிருப்பதால், மறுநாள் வலிப்பது பெரும்பாலும் இறக்கத்தின் வேலை. கால் ஷூவுக்குள் முன்னால் சரிந்து விரல்கள் இடிக்கும். இறங்கும் முன் லேஸை அவிழ்த்து, குதிகாலைப் பின்னால் தள்ளி, கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டுங்கள். நகத்தைக் கிளம்பும் முன்பே வெட்டிவிடுங்கள்.