பரோக் கார்ட்டூஷ்: சிற்பிக்குக் கொடுக்கும் வரைபடம் வரைவது எப்படி?

17ஆம் நூற்றாண்டு ரோமில் வாசல், கல்லறை, பலிபீடம் என்று எங்கும் தெரியும் கேடய அலங்காரம்தான் கார்ட்டூஷ். கல்லில் உளி படுமுன் அதைத் தாளில் வரைந்து, பணம் கொடுப்பவரின் சம்மதம் வாங்கிய பிறகே பட்டறைக்கு அனுப்புவார்கள். எனவே படம் அழகாக இருந்தால் போதாது. எது எவ்வளவு துருத்தி நிற்கிறது என்பதும் தெரிய வேண்டும்.

தேவை: 300 ஜிஎஸ்எம் ஏ3 வாட்டர்கலர் தாள், 4பி பென்சில், டிரேசிங் தாள், தொட்டெழுதும் பேனா, காய்ந்தபின் நீரில் கரையாத பழுப்பு மை, பழுப்பு வாட்டர்கலர், பிரஷ்.

1. தாளை நெடுக்காக வைத்து, இடது ஓரத்திலிருந்து 12.5 செ.மீ. தள்ளி நடுக்கோடு போடுங்கள். வலது ஓரத்து இடம் கடைசியில் தேவைப்படும். கோட்டின்மேல் 12 செ.மீ. அகலம், 16 செ.மீ. உயரத்தில் நீள்வட்டம்; இதுதான் கேடயம். அளவு 1:10 (படத்தில் 1 செ.மீ., கல்லில் 10 செ.மீ.). அடியில் ஓர் அளவுக்கோடும் வேண்டும். அன்றைய ரோமின் நீள அளவான பால்மோ சுமார் 22.3 செ.மீ.; நீங்கள் மீட்டரிலேயே போடலாம்.

2. இடது பாதியை மட்டும் வரையுங்கள். கேடயத்தின் விளிம்பில் வரும் சுருளுக்கு முதலில் 5 மி.மீ. 'கண்' (நடுவட்டம்), அதிலிருந்து வெளியே இரண்டரைச் சுற்று. சுற்றுக்குச் சுற்று இடைவெளி கூட வேண்டும். வெளியிலிருந்து தொடங்கினால் நடுவில் இடம் போதாமல் சுருள் நசுங்கும். சுருளிலிருந்து கிளம்பும் அக்காந்தஸ் இலைக்கு (பல்பல்லான விளிம்புள்ள அலங்கார இலை) நடுநரம்புதான் முதலில். அது சுருளின் வளைவோடு ஒட்டியே கிளம்பட்டும். குத்தலாகக் கிளம்பினால் ஒட்டவைத்ததுபோல் இருக்கும்.

3. டிரேசிங் தாளில் 4பி பென்சிலால் படியெடுத்து, கவிழ்த்து, கரண்டியின் பின்புறத்தால் தேயுங்கள். வலது பாதி வந்துவிடும். அதை மாற்றியும் வரையலாம்: ஒரே படத்தின் இரு பாதிகளில் இரண்டு யோசனைகளைக் காட்டி, பிடித்ததைத் தேர்ந்தெடுக்க விடுவது அக்கால வழக்கம்.

4. மைக்கோடு: வெளிச்சப் பக்கம் மெலிது, நிழல் பக்கம் தடிமன். நன்றாகக் காயட்டும். பழைய ஓவியர்கள் பயன்படுத்திய இரும்பு மை நாளடைவில் தாளையே அரித்துவிடும், அது வேண்டாம்.

5. படத்தின் உயிர்நாடி வாஷ்தான், அதாவது நீர்த்த பழுப்பு வாட்டர்கலரால் நிழல் பூசுவது. ஒளி இடது மேல்மூலையிலிருந்து 45 பாகையில் விழுவதாகக் கொண்டால், சுவரில் நிழல் வலப்பக்கமும் கீழ்ப்பக்கமும் துருத்தும் அளவுக்கே நகரும். கல்லில் 15 செ.மீ. துருத்தும் சுருளுக்குப் படத்தில் 1.5 செ.மீ. நிழல். முதலில் ஒளி படாத பரப்புகளுக்கெல்லாம் வெளிர்ப்பூச்சு. காய்ந்தபின், விழும் நிழல்களுக்கு மட்டும் அடர்ப்பூச்சு. ஈரத்தில் மறுபடி தொட்டால் கலங்கிவிடும். புதியவர்கள் அதிகம் சறுக்குவது வேறிடத்தில்: உருவத்தைக் கவிழ்த்தது போலவே நிழலையும் கவிழ்த்துவிடுவார்கள். அப்போது இரண்டு சூரியன் இருக்கும், ஆழம் இருக்காது. (வாஷ் கட்டாயமா என்றால், இல்லை. 17ஆம் நூற்றாண்டு ரோமின் கட்டடக் கலைஞர் பொரோமினி பெரும்பாலும் கிராஃபைட்டிலேயே (பென்சில் கரி) வேலையை முடித்தவர். வியன்னாவின் ஆல்பெர்டினா அருங்காட்சியகத்தில் அவர் படங்கள் உள்ளன.)

6. வலது ஓரத்தில், அதே அளவில், நடுக்கோட்டின் வெட்டுத்தோற்றம் (அங்கே வெட்டினால் பக்கவாட்டில் தெரியும் வடிவம்) வரையுங்கள். கேடயத்தின் வயிறு எங்கே அதிகம் புடைக்கிறது, விளிம்பு எங்கே உள்வாங்குகிறது என்பதை நிழலைவிட இந்த ஒற்றைக் கோடு துல்லியமாகக் காட்டும்.