முத்துச்சிப்பிப் பெட்டிக்குப் பாலிஷ் வேண்டாம், ஈரப் பஞ்சு போதும்

முத்துச்சிப்பித் தகடுகள் ஒட்டிய பழைய பிரெஞ்சுப் பெட்டியோ, அதற்குள் இருக்கும் நகக் கருவியின் சிப்பிக் கைப்பிடியோ மங்கியிருந்தால், காட்டன் பட்ஸை டிஸ்டில்டு வாட்டரில் நனைத்து ஒட்டப் பிழிந்து, ஒரு ரூபாய் நாணயம் அளவு இடமாகத் துடையுங்கள். உடனே உலர்ந்த பருத்தித் துணியால் ஒற்றிவிட்டு அடுத்த இடத்துக்குப் போங்கள். பஞ்சு கறுத்ததும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் அதிலுள்ள தூசியே கீறும்.

சிப்பியின் மினுமினுப்பு, கால்சியம் கார்பனேட் மெல்லடுக்குகளில் ஒளி பட்டு வருவது. புளி, எலுமிச்சை, வினிகர் பட்டால் மேலடுக்கு அரித்துச் சுண்ணாம்பாக வெளுக்கும், பளபளப்பு திரும்பாது. விளிம்புச் சட்டத்தைப் பித்தளை என்று நினைத்துப் புளி போட்டுத் தேய்ப்பதில்தான் பல பெட்டிகள் கெடுகின்றன. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸின் பாலே ருவாயால் (Palais-Royal) அரண்மனை வளாகக் கடைகளில் விற்ற வகைப் பெட்டிகளில் அது பெரும்பாலும் பொன்முலாம். தேய்த்தால் முலாம் போய்விடும், விலையும் சேர்ந்து போகும்! தண்ணீர் சொட்டக் கூடாததற்குக் காரணம் வேறு: தகடுகளுக்கு அடியில் விலங்குப் பசை இருந்தால் ஈரத்தில் இளகிவிடும்.

தகடு விரலுக்கு ஆடினாலோ, ஓரம் தூக்கியிருந்தாலோ, செதுக்கிய கோடுகளில் வண்ணம் நிரப்பியிருந்தாலோ இந்த முறை ஆகாது. மென்மையான உலர்ந்த தூரிகையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உள்ளே விரித்த பட்டு, வெல்வெட், கத்தரிக்கோலின் எஃகு அலகு எதிலும் ஈரம் படக்கூடாது.