பரண் காலியான விதம்

எங்கள் வீட்டுப் பரண் இருபத்திரண்டு வருஷமாக நிரம்பிக்கொண்டே இருந்தது. போன மார்கழியில் மேலிருந்து ஒரு பித்தளை அண்டா சரிந்து அம்மாவின் காலருகே விழுந்தது. அன்றைக்கே முடிவெடுத்தேன்.

முன்பெல்லாம் போகிக்கு முந்தின நாள் ஒரே மூச்சாக எல்லாவற்றையும் இறக்குவோம். சாயங்காலம் களைத்துப்போய் அப்படியே திரும்ப ஏற்றிவிடுவோம். இந்த முறை ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு மூட்டை மட்டும். இறக்கியது மறுபடி மேலே போகக் கூடாது.

காலி ஹார்லிக்ஸ் பாட்டில், உடைந்த மிக்சி ஜார் எல்லாம் சுலபமாகப் போய்விட்டன. எவர்சில்வரில்தான் சிக்கினோம். கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம் என்று வந்த குடம், தட்டு, சம்படம். விளிம்பில் புள்ளி புள்ளியாகக் கொடுத்தவர் பெயர்.

"பேர் வெட்டினதை எப்படிடா எடைக்குப் போடறது?" என்றார் அம்மா.

நியாயமான கேள்வி. அதனால் ஒவ்வொன்றையும் அவர் கையில் கொடுத்தேன். அவர் பெயரைத் தடவிப் படித்து, அவரவர் கதையைச் சொல்வார். பிறகு அவரே பிரிப்பார்: தினமும் புழங்குவது அடுப்படிக்கு, மற்றது பாத்திரக்கடைக்கு. அவசரப்படுத்தாததுதான் பலன் தந்தது என்று நினைக்கிறேன். ஆறு வாரத்தில் 31 கிலோ போனது. அண்டா கோயில் அன்னதானத்துக்கு.

போகியன்று எதையும் கொளுத்தவில்லை. '1974' என்று வெட்டிய பாட்டியின் தூக்குவாளியில்தான் இப்போது தினமும் தயிர் உறைகிறது.