சி.ஆர்.எஸ். அறிக்கையைத் தேடி எடுத்து, தப்பில்லாமல் மேற்கோள் காட்டுவது எப்படி?

எங்கள் குடும்ப வாட்ஸாப் குழுவில் ஒரு படம் வந்தது. "அமெரிக்க காங்கிரஸ் அறிக்கை" என்று பெரிய எழுத்து, குஜராத் நிர்வாகத்தைப் புகழ்ந்து நாலு வரி, மூலையில் மங்கலாக ஓர் எண்: ஆர்.எல். 33529. மாமா உடனே கேட்டார்: "எந்தக் காங்கிரஸ்டா? சத்தியமூர்த்தி பவனா?"

மூல அறிக்கையை எடுத்துப் போட்டு மாமாவின் வாயை அடைக்கலாம் என்று உட்கார்ந்தேன். எண்ணைத் தேடினேன். சி.ஆர்.எஸ். என்ற அமெரிக்க நாடாளுமன்ற ஆய்வுப் பிரிவின் அறிக்கை எண் அது. பி.டி.எஃப். கிடைத்தது. உள்ளே அந்த வரிகளைத் தேடினேன். இல்லை. "பொய்ச் செய்தி" என்று குழுவில் எழுதிவிட்டுத் தூங்கப் போனேன். மறுநாள்தான் தெரிந்தது, தப்பு என்னுடையது. அது எங்கே நடந்தது என்பதை நாலாவது படியில் சொல்கிறேன். அவசரம் என்றால் நேரே அங்கே போய்விடுங்கள்.

படி 1: இது யார் எழுதியது?

சி.ஆர்.எஸ். (காங்கிரஷனல் ரிசர்ச் சர்வீஸ்) என்பது அமெரிக்க நாடாளுமன்றத்துக்கான, அதாவது அந்த நாட்டில் காங்கிரஸ் என்று அழைக்கும் அவைகளுக்கான, ஆய்வுப் பிரிவு. காங்கிரஸ் நூலகத்துக்குள் இயங்குகிறது. 1914-இல் சிறியதாகத் தொடங்கியது. 1970-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான் இப்போதைய பெயரும் பெரிய பொறுப்பும் வந்தன. சுமார் 600 பேர் வேலை பார்க்கிறார்கள்: பொருளாதாரம் படித்தவர்கள், வழக்கறிஞர்கள், விஞ்ஞானிகள், நூலகர்கள். இரண்டு அவைகளுக்கும், இரண்டு கட்சிகளுக்கும் பொதுவான ஆட்கள். ஓர் உறுப்பினருக்கு நாளைக் காலை விவசாயக் காப்பீடு பற்றிப் பேச வேண்டுமென்றால், இவர்கள் எழுதியதைப் படித்துவிட்டுப் போவார்.

அதனால் இதை "அமெரிக்க காங்கிரஸ் சொன்னது" என்று எழுதக் கூடாது. நம் நாடாளுமன்ற நூலகத்திலும் எம்.பி.க்களுக்குக் குறிப்பு தயாரித்துக் கொடுக்கும் பிரிவு இருக்கிறது. அங்கே ஒருவர் எழுதிக் கொடுத்த குறிப்பை "மக்களவை அறிவித்தது" என்று யாராவது போடுவார்களா? அதே கதைதான்.

படி 2: எங்கே எடுப்பது?

2018 வரை இந்த அறிக்கைகளைப் பொதுமக்களுக்கு நேரடியாகத் தரும் வழக்கம் இல்லை. வரிப்பணத்தில் எழுதியதைத் தனியார் நிறுவனங்கள் காசுக்கு விற்றுக்கொண்டிருந்தன. சில தன்னார்வக் குழுக்கள் கிடைத்ததையெல்லாம் சேர்த்து இலவசமாக வைத்தன. 2018 மார்ச்சில் வந்த சட்டத்துக்குப் பிறகு, அந்த ஆண்டு செப்டம்பரில் அதிகாரபூர்வ தளம் திறந்தது. இப்போது காங்கிரஸ்.கவ் தளத்திலேயே இவற்றுக்குத் தனிப் பகுதி உண்டு.

என் பழக்கம் இது: தேடுவது எவ்ரி சி.ஆர்.எஸ். ரிப்போர்ட் என்ற தளத்தில். 2016-இலிருந்து இருக்கிறது, வேகமானது, கைப்பேசியிலும் ஒழுங்காகப் படிக்கலாம். மேற்கோளுக்கு எடுத்து வைப்பது மட்டும் அதிகாரபூர்வ தளத்தில் இருந்து. மிகப் பழையது வேண்டுமென்றால் வட டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டிஜிட்டல் நூலகம். பழைய கட்டுரைகளில் கொடுத்திருக்கும் இணைப்புகள் பல செத்துக் கிடக்கும். அப்போது இணைப்பை விட்டுவிட்டு எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

படி 3: முன்னெழுத்து

எண்ணுக்கு முன்னால் இருக்கும் எழுத்து, கையில் இருப்பது என்ன வகை என்று காட்டும். ஆர். என்றால் முழு நீள அறிக்கை. ஆர்.எல்., ஆர்.எஸ். இரண்டும் பழைய வரிசைகள். ஐ.எஃப். என்றால் இரண்டு பக்கச் சுருக்கம்; புதிதாகப் பழகுகிறவர்கள் இதில் ஆரம்பியுங்கள், ஒரு டீ குடிப்பதற்குள் முடிந்துவிடும். ஐ.என். சின்னக் குறிப்பு, எல்.எஸ்.பி. சட்டம் பற்றிய குறிப்பு.

படி 4: எண் மட்டும் போதாது (நான் விழுந்த இடம்)

புத்தகத்துக்கு ஐ.எஸ்.பி.என். மாதிரி, ஓர் எண்ணுக்கு ஓர் ஆவணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. நிலவரம் மாற மாற அதே எண்ணிலேயே அறிக்கையைத் திருத்தி எழுதுகிறார்கள். உள்ளே பத்திகள் போகும், வரும். தலைப்பே கூட மாறலாம்.

ஆர்.எல். 33529-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். 2006, 2007 வாக்கில் அதன் தலைப்பு வெறுமனே "இந்தியா–அமெரிக்க உறவுகள்" என்ற பொருளில் இருந்தது. 2011 பதிப்பில் இந்தியாவின் உள்நாட்டு விவகாரங்களையும் தலைப்பிலேயே சேர்த்துவிட்டார்கள். நான் இறக்கியது 2007-ஆம் ஆண்டுப் பதிப்பு. குஜராத் பத்தி இருந்ததோ 2011 செப்டம்பர் பதிப்பில். பிறகு எங்கே கிடைக்கும்?

அந்தப் பத்தி அப்போதே இந்தியச் செய்திகளில் தலைப்பானது, மோடிக்கு அமெரிக்காவே சான்றிதழ் கொடுத்துவிட்டது என்கிற தொனியில். அறிக்கையைப் பிரித்துப் பார்த்தால், நிர்வாகத்தையும் வளர்ச்சியையும் பாராட்டும் வரிகளுக்குப் பக்கத்திலேயே 2002 கலவரம் பற்றிய பேச்சும் இருக்கிறது. வாட்ஸாப்பில் வந்த படத்தில் முதல் பாதி மட்டும்தான். ஆக, வரிகள் உண்மை, எண் உண்மை, ஆனால் பல வருடம் பழசு, அதுவும் பாதி. "பொய்ச் செய்தி" என்று நான் எழுதியது தப்பு. குழுவில் மன்னிப்புக் கேட்டேன். மாமா கட்டைவிரல் போட்டார்.

எனவே இப்படிச் செய்யுங்கள். முதலில் அட்டையில் இருக்கும் தேதியைப் பாருங்கள். அதற்கு முன்னால் "அப்டேட்டட்" என்ற சொல் இருந்தால், இது முதல் பதிப்பு இல்லை. இப்போது வரும் அறிக்கைகளின் அடிப்பகுதியில் எண்ணோடு பதிப்பு எண்ணும் இருக்கும். உங்களுக்கு வந்த செய்தியின் தேதிக்கு ஒட்டிய பதிப்பைப் பழைய பதிப்புகளின் பட்டியலில் தேடி எடுங்கள். இறக்கியதும் கோப்பின் பெயரை மாற்றிவிடுங்கள்: எண், பதிப்பின் தேதி, இறக்கிய தேதி. இதற்குச் சொடேரோ என்ற, மேற்கோள்களைச் சேர்த்து வைக்கும் மென்பொருள் நல்ல கருவி என்பார்கள். நானும் ஒரு வருடம் வைத்திருந்தேன். இருபது முப்பது அறிக்கை படிக்கிறவருக்கு ஒரு ஃபோல்டரும் ஒழுங்கான கோப்புப் பெயரும் போதும்.

படி 5: படிப்பது

முழு நீள அறிக்கையில் அட்டைக்கு அடுத்த பக்கம் சுருக்கம். அதைப் படித்துவிட்டு, பொருளடக்கத்தில் வேண்டிய பகுதிக்குப் போங்கள். முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படித்தால் பத்தாவது பக்கத்தில் கொட்டாவி வரும். அடிக்குறிப்புகளைத் தாண்டாதீர்கள், சரக்கு பாதி அங்கேதான். பி.டி.எஃப்.-ஐ ஏ.ஐ.யிடம் கொடுத்துச் சுருக்கித் தரச் சொல்வது எனக்குப் பிடிக்காது. ஏன் என்பது அடுத்த பத்தியில் புரியும்.

இந்த அறிக்கைகள் எதையும் பரிந்துரைப்பதில்லை, அது அவர்களின் விதி. ஆனால் கடைசிப் பகுதியில் "காங்கிரஸ் மே கன்சிடர்" என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். இந்த "மே" என்ற ஒற்றைச் சொல்லில் எத்தனையோ மொழிபெயர்ப்புகள் வழுக்குகின்றன. "காங்கிரஸ் இதைப் பரிசீலிக்கக்கூடும், இல்லாவிட்டால் இப்படியே விடவும் கூடும்" என்பதுதான் பொருள். சிற்றிதழ் ஒன்றுக்கு நான் எழுதிய கட்டுரையில் "பரிந்துரைத்தது" என்று போட்டிருந்தேன். ஆசிரியர் அந்தச் சொல்லைச் சுழித்து, "எங்கே?" என்று மட்டும் ஓரத்தில் எழுதி அனுப்பினார். தேடினேன். எங்கேயும் இல்லை.

அதே மாதிரி "சம் அனலிஸ்ட்ஸ் ஆர்க்யூ" என்று வந்தால் அது சி.ஆர்.எஸ்.-இன் கருத்து இல்லை, வேறு யாரோ சொன்னது. யார் என்று அடிக்குறிப்பில் இருக்கும். தமிழில் எழுதும்போது "சிலர் வாதிடுகிறார்கள் என்று அறிக்கை பதிவு செய்கிறது" என்று எழுதுங்கள். வாக்கியம் நீண்டு இழுக்கும்தான். இழுக்கட்டும்.

படி 6: மேற்கோள்

நான் எழுதும் வடிவம்: "அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களுக்காக சி.ஆர்.எஸ். தயாரித்த அறிக்கை, இன்ன எண், இன்ன தேதிப் பதிப்பு, இன்ன பக்கம்." காங்கிரஸ் என்ற சொல்லையே தவிர்த்துவிட்டேன். சத்தியமூர்த்தி பவன் சந்தேகம் மறுபடி வர வேண்டாம்.

பின்சேர்க்கை 1: செய்தித்தாளில் குறிப்பிட்ட சி.ஆர்.எஸ். ஆவணம் எந்தத் தளத்திலும் இல்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். தனிப்பட்ட உறுப்பினர் கேட்டு எழுதித் தரும் குறிப்புகள் ரகசியமானவை. 2018 சட்டம் அவற்றைத் தொடவில்லை. கேட்ட உறுப்பினரே வெளியிட்டால்தான் உண்டு. எண் இல்லாமல் "மெமோ" என்று மட்டும் செய்தியில் இருந்தால் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

பின்சேர்க்கை 2: தமிழாக்கி வெளியிடலாமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். அமெரிக்க அரசின் படைப்பு என்பதால் அந்த நாட்டில் இதற்குப் பதிப்புரிமை கிடையாது, முழுதாகவே எடுத்துப் போடலாம் என்று அறிக்கையின் கடைசிப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள். உள்ளே இருக்கும் படம், வரைபடம் எல்லாம் அப்படியல்ல. சில, பிறருக்குச் சொந்தமானவை. படத்துக்குக் கீழே மூலம் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு எடுங்கள். சந்தேகமாக இருந்தால் படத்தை விட்டுவிட்டு எழுத்தை மட்டும் தமிழாக்குங்கள்.