எல்லாவற்றையும் மனநோயின் கணக்கில் எழுதாதீர்கள்

முதியோர் இல்லத்தில் ஒருவருக்குப் பழைய மனநோய் உண்டு என்று தெரிந்துவிட்டால் போதும். அவர் கத்தினாலும், சாப்பிட மறுத்தாலும், இரவில் எழுந்து நடந்தாலும் எல்லாம் அந்த நோயின் தலையில் விழும். பராமரிப்பில் நேரும் தவறுகளில் பாதி இங்கிருந்துதான் கிளம்புகின்றன என்பேன்.

நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று ஆளே அடையாளம் தெரியாமல் குழம்பினால், உடனே தூக்க மாத்திரையைக் கூட்டக் கூடாது. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், நீர்ச்சத்துக் குறைவு, ரத்தத்தில் சோடியம் இறங்குவது எல்லாம் வயதானவர்களிடம் திடீர்க் குழப்பமாக வெளிப்படலாம். காய்ச்சல்கூட இல்லாமல் போகலாம். முதலில் ரத்த, சிறுநீர்ப் பரிசோதனை.

வலியையும் யாரும் கேட்பதில்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வரும்வரை கிணற்றையும் ஆழ்துளைக் குழாயையும் நம்பியிருந்த தலைமுறைதான் இன்று இல்லங்களில் இருக்கிறது. ஃபுளோரைடு முதுகையும் மூட்டுகளையும் இறுக்கிவிடும். குளிப்பாட்டும்போது கையைத் தூக்கியதும் ஒருவர் அடிக்க வந்தால், அந்தத் தோளைத் தொட்டுப் பாருங்கள்.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கோ கன்னடமோ பேசி வளர்ந்தவர்கள் ஏராளம். மறதி நோய் முற்றும்போது பிற்காலத்தில் கற்ற மொழி பெரும்பாலும் முதலில் நழுவும். 'உளறுகிறார்' என்று குறிப்பேட்டில் எழுதுமுன் அந்த மொழி தெரிந்தவரை அருகில் அமர்த்துங்கள். தண்ணீர்தான் கேட்டிருப்பார்.

மனநிலை ஏற்ற இறக்கத்துக்கான லித்தியம் மாத்திரை சாப்பிடுபவருக்கு மூட்டுவலிக்கென்று டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையைக் கொடுப்பது ஆபத்து. ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். கோடையில் தண்ணீர் குறைந்தாலும் அதேதான். வாந்தி, தள்ளாட்டம், கூடும் நடுக்கம் தென்பட்டால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வேறு சில மனநோய் மருந்துகளால் வரும் நடுக்கத்துக்குத் தரும் டிரைஹெக்சிஃபெனிடில் மாத்திரை மறதியையும் மலச்சிக்கலையும் கூட்டும். பழைய சீட்டை அப்படியே நீட்டி வாங்கிக்கொண்டிருக்காமல், இன்னும் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

களி நம் ஊர் உணவு, ஆனால் மென்று தின்பதில்லை, விழுங்குவது. சில மனநல மருந்துகள் விழுங்கும் திறனை மந்தமாக்கும். நேராக உட்கார வைத்து, சிறு சிறு வாயாகக் கொடுங்கள். இருமினால் நிறுத்துங்கள்.

கட்டிப்போடுவது பற்றி: 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சங்கிலியை முற்றாகத் தடை செய்கிறது. வேறு வகையில் கட்டுப்படுத்துவதும், உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது, மனநல மருத்துவரின் அனுமதியோடு மட்டும்தான். ஆள் பற்றாக்குறை காரணமாகாது. நள்ளிரவில் யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால், அரசின் இலவச மனநல ஆலோசனை எண் 14416 எந்நேரமும் இயங்குகிறது.